கெஜட்டில் இல்லாத முகம்

காலராவை ஒழிப்பதற்கு முன்னால் அதைப் படமாக வரைந்து பார்த்துவிட வேண்டும் என்று ஜில்லா பிரசாரச் சித்திரக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனது என்றால், தலைவர் ராவ் பகதூர் சக்கரபாணி தம் மனதில் இருந்ததைச் சொன்னார். மற்றவர்கள் தங்கள் மனதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, சினிமாப் பிலிமுக்கும் கட்டுப்பாடு. தாராளமாகக் கிடைத்தவை வாந்திபேதியும் கமிட்டிகளும்தான். மேலிடத்திலிருந்து எப்படியோ சிறு பிலிம் சுருள் ஒன்று வந்து சேர்ந்தது. தடுப்பூசியின் பெருமையைச் சொல்லும் குறும்படம் ஒன்றை மாணவர்களைக் கொண்டு தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு. மாணவர்கள் எதற்கென்றால், படம் நன்றாக வந்தால் கமிட்டி எடுத்த படம், மோசமாக வந்தால் மாணவர்கள் எடுத்த படம். இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

"ஓர் அங்குலம் பிலிம்கூட வீணாகக் கூடாது" என்றார் ராவ் பகதூர். "எடுக்கப்போகும் ஒவ்வொரு காட்சியையும் முன்னதாகக் கட்டம் கட்டி வரைந்து கொண்டுவர வேண்டும். கமிட்டி முத்திரை குத்தும். முத்திரை விழுந்ததை எடுத்தே தீர வேண்டும். முத்திரை விழாத எதுவும் திரையில் வரக் கூடாது."

இன்றைக்கு சினிமாக்காரர்கள் ஸ்டோரிபோர்டு என்கிறார்களே, அதுதான். கமிட்டி அதற்கு வைத்த பெயர் 'முன்னேற்பாட்டுச் சித்திரக் கட்டத் தொகுதி'. அந்தப் பெயரை எழுதவே தாளில் பாதி போய்விட்டது.

வரைவதற்கு விழுப்புரத்தில் வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த இருதயராஜ் அகப்பட்டான். கிளியனூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் மேட்டுச்சாவடிச் சேரிக்காரன். கரும்பலகையில் அவன் மாடு வரைந்தால் மாடு மாதிரியே இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சிபாரிசு செய்தார்கள். அவனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. காலராவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தின வருஷம் அவன் அம்மா சவுரியம்மாள் அதில்தான் செத்திருந்தாள்.

அது நடந்தது இப்படித்தான். ஊசிக்காரர் சைக்கிளில் வந்தார். ஊர்த்தெரு முழுக்கப் போட்டார். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு. அதன் கரை வரைக்கும் வந்து, மருந்து தீர்ந்துபோச்சு என்று சொல்லி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே சேரியில் பிணம் விழ ஆரம்பித்தது. இருதயராஜ் இதையே கட்டம் கட்டமாக வரைந்தான். ஆறாம் கட்டத்தில் வாய்க்கால் கரையில் திரும்புகிற சைக்கிள். ஏழாம் கட்டம் முழுவதும் அம்மாவின் முகம். அவளுக்கு போட்டோ எதுவும் இல்லாததால் மனதிலிருந்துதான் வரைந்தான். கடைசிக் கட்டத்தில் சைக்கிள் வாய்க்காலைத் தாண்டி சேரிக்குள் வந்தது. இந்தப் படத்தைப் பார்த்தால் இந்த வருஷமாவது ஊசி வாய்க்காலைத் தாண்டாதா என்பதுதான் அவன் ஆசை. வீட்டில் அப்பா அந்தோணிசாமியும் அக்கா லூர்துமேரியும் மிச்சம் இருந்தார்கள்.

முதல் கூட்டம் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு மாடியில் நடந்தது. தாளை மேசையில் விரித்ததும் ஜில்லா சுகாதார அதிகாரி டாக்டர் வேங்கடேசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தம்மைத் தேடினார்.

"நான் எங்கே இருக்கிறேன்?"

"இதோங்க ஐயா, ரெண்டாம் கட்டத்துல. தூரத்துல கார்ல வந்துக்கினு இருக்கீங்க."

"இது புள்ளியல்லவா?"

"தூரத்துல இருக்கிறதால அப்படித் தெரியுதுங்க. கிட்ட வந்தா பெருசாயிடுவீங்க."

"நான் கிட்ட வந்துதான் பெரியவனாக வேண்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

ராவ் பகதூர் ஏழாம் கட்டத்தில் விரலை வைத்தார். "இது யார்? தலை மட்டும் இருக்கிறதே, உடம்பு என்ன ஆயிற்று?"

"எங்கம்மாங்க. முகத்தை மட்டும் கிட்டத்துல காட்டறதுங்க ஐயா."

"என்ன உத்தியோகம்?"

"கூலிக்குப் போய்க்கினு இருந்தாங்க. மல்லாட்டைச் செடி புடுங்க, நாத்து நட. பேதியில போயிட்டாங்க."

"செத்துப்போன கூலிக்காரிக்கு முழுக் கட்டம். உயிரோடு இருக்கும் சுகாதார அதிகாரிக்குப் புள்ளி." ராவ் பகதூர் சபையைப் பார்த்தார். "இதைப் பார்க்கிற வெளிநாட்டான் நம் நிர்வாகத்தைப் பற்றி என்ன நினைப்பான்? இவனைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. விதி இல்லாத குறை இது. விதி செய்வோம்."

விதி செய்வதில் அவர்களுக்கு ஈடு கிடையாது. சர்க்கார் கெஜட்டில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும் கட்டம் நிறைய முகம். கெஜட்டில் வராத உத்தியோகஸ்தர்களுக்கு இடுப்பு வரை. நிலவரி கட்டும் குடியானவர்களுக்கு முழு உடம்பு, பாதம் உட்பட. நிலவரி கட்டாதவர்கள் தூரத்தில், மூக்கு முழி தெரியாத அளவில். ஆடு மாடுகள் சந்தர்ப்பத்துக்குத் தகுந்தபடி. கமிட்டிக் குமாஸ்தா இதைப் படித்துக் காட்டியபோது மாட்டின் இடம் தங்கள் இடத்தைவிட வசதியாக இருப்பதாக இருதயராஜுக்குத் தோன்றியது.

ராவ் பகதூர், டாக்டர் இருவருமே கெஜட்காரர்கள் ஆனபடியால் அடுத்த கூட்டத்தில் யார் முகம் பெரிது என்ற பிரச்சினை வந்தது. அளவுகோல் தருவிக்கப்பட்டது. ராவ் பகதூரின் முகம் டாக்டர் முகத்தைவிடக் கால் அங்குலம் அதிகமாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. டாக்டர் விட்டுக்கொடுத்தார். ஆனால் தலைப்பாகையை முகத்தோடு சேர்த்து அளக்கக் கூடாது என்று எழுத்து மூலம் ஆட்சேபித்தார். அம்மாவின் முகத்தை ரப்பரால் அழித்துவிட்டு அதே இடத்தில் தலைப்பாகையை இருதயராஜ் வரைந்தான். ரப்பர் தேய்த்தும் அம்மாவின் கண் லேசாகத் தெரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ராவ் பகதூரின் மீசையைப் போட்டான். மீசை கொஞ்சம் கோணலாக விழுந்தது, அதற்கும் திட்டு வாங்கினான்.

மூன்றாவது கூட்டத்தில் நோய் நீக்கப்பட்டது. பிரதேசத்தில் காலரா இருப்பதாகத் திரையில் தெரிந்தால் பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பது பாதிக்கும் என்று ஒரு மெம்பர் கிளப்பிவிட்டார். ஈ வரைந்திருந்த கட்டத்தை முனிசிபாலிட்டி சார்பில் இன்னொருவர் எதிர்த்தார். ஆகவே நோயாளி இல்லை, ஈ இல்லை, பாடை இல்லை. ஆரோக்கியமான ஜனங்கள் ஆரோக்கியமான முறையில் ஊசி போட்டுக்கொண்டு சிரிப்பார்கள்.

"எதுக்காக ஊசின்னு ஜனங்க கேட்டா இன்னா சொல்றதுங்க?" என்று இருதயராஜ் கேட்டான்.

"சர்க்கார் போடுகிறது, அதற்காக" என்றார் டாக்டர்.

நான்காவது கூட்டம் திண்டிவனத்தில், பயணிகள் பங்களாவில். படம் எடுக்கப்போகிற கிராமத்தின் சார்பில் மேட்டுச்சாவடி மணியக்காரர் தேவநாதன் வந்திருந்தார். அதிகாரிகள் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர், இருதயராஜைக் கண்டதும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இந்தக் கட்டத்துல நாங்களும் அவுங்களும் ஒண்ணா நிக்கறோம். ஒரே சதுரத்துக்குள்ள. நாளைக்கு ஊர்ல எனக்குத்தான் பேஜாரு."

ராவ் பகதூர் சிந்தித்தார். அவர் ஜாதி பார்க்காதவர். அதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். "மணியக்காரர் மனமும் நோகக் கூடாது, சமத்துவமும் கெடக் கூடாது. வாய்க்கால் ஒன்று இருக்கிறதல்லவா? அதைக் கட்டத்தின் கோட்டிலேயே வைத்துவிடு. ஊர் ஒரு கட்டம். சேரி அடுத்த கட்டம். இரண்டு கட்டமும் ஒரே அளவு. இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும்?"

பிறகு பிலிம் போதவில்லை என்று அந்த அடுத்த கட்டம் நீக்கப்பட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் இருதயராஜ் பங்களாவின் பின்பக்கம் உட்கார்ந்து வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா போனாள், நோய் போயிற்று, சேரியும் போயிற்று. இவர்கள் தங்களைத் தவிர வேறெதையும் அந்தத் தாளில் பார்ப்பதில்லை என்று அவனுக்கு உறைத்தது. அந்த ஆத்திரத்தில்தான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ராவ் பகதூரின் முகத்தை இதுவரை போட்டதைவிடப் பெரிதாக, கருணை ஒழுக வரைந்தான். கீழே, 'சேரி மக்களுக்கு ஊசி போடப்படுவதைத் தலைவர் கனிவுடன் பார்வையிடுகிறார்' என்று எழுதினான். அடுத்த கட்டத்தில் டாக்டர் முகம். அதற்கடுத்ததில் ஒரு கை, ஒரு ஊசி, பக்கத்தில் மருந்துப் பாட்டில். உடனே மறுபடியும் தலைவரின் கருணை முகம். கடைசியில் தூரத்தில் புள்ளி புள்ளியாக சேரி ஜனங்கள் வரிசை.

மறுநாள் கமிட்டி பார்த்தபோது அந்தக் கை மட்டும் சற்று இடித்தது. கட்டம் நிறைய நிலவரி கட்டாதவள் கை வரலாமா என்று குமாஸ்தா கேட்டார். "கைக்கு கெஜட் கிடையாது. முகம் இல்லாத கை யாருடையது என்று யாருக்குத் தெரியும்?" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். தம் கருணையை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே முத்திரை குத்தினார். முத்திரை விழுந்ததை எடுத்தே தீர வேண்டும். அதாவது ஊசி சேரிக்கு வந்தே தீர வேண்டும். இருதயராஜ் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வரைக்கும் மாட்டு வண்டியில் சிரித்துக்கொண்டே போனான்.

வீட்டில் லூர்துமேரி கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மை குத்தினபோதே ஓடி ஒளிந்தவள் அவள்.

"ஊசின்னா எனக்குப் பயம்டா ராஜு."

"படம் போட்டே ஊசிய வாய்க்கா தாண்டி வர வச்சிருக்கேன். நீ பயப்படறியே அக்கா. ஒண்ணும் ஆவாது. ஒரு எறும்பு கடி."

"அம்மா இருந்தா மொத ஆளா கைய நீட்டியிருக்கும்" என்றாள் அவள். "சரி, எங்கைய புடிச்சிக்கினு நில்லு."

தை மாதத்தில் படம் எடுத்தார்கள். சேரி ஜனங்கள் குளித்து, இருந்த துணியில் நல்லதைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். மணியக்காரர் அன்று ஒருநாள் எல்லாரையும் வேலையிலிருந்து விட்டிருந்தார். அந்தோணிசாமியை மட்டும் விடவில்லை.

"எல்லாரும் படம் புடிக்கப் போயிட்டா என் வயலுக்கு யார்ரா தண்ணி எறைக்கிறது?"

"சரிங்க ஆண்டே" என்று அவர் மாடு கட்டிக் கவலை இறைக்கப் போய்விட்டார்.

அதிகாரிகள் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை என்பதைப் பட்டணத்துக் கேமராக்காரர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். கட்டம் நிறைய முகம் இருந்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதல்லவா. ஆகவே முந்தின நாளே பங்களாச் சுவரோரம் நாற்காலி போட்டு இரண்டு முகங்களையும் எடுத்து முடித்தாயிற்று. சுவரைப் பார்த்து ராவ் பகதூர் கனிந்தார். சேரிக்கு கம்பவுண்டர் பெரியசாமி மட்டும் ஊசிப் பெட்டியோடு வந்தார். வந்தாரே, அது போதும் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டான்.

கைக்கு லூர்துமேரியின் கையைத்தான் கேமராக்காரர் பொறுக்கி எடுத்தார். அவள் முன்கையில் சிலுவை பச்சை குத்தியிருந்தது, அது படத்தில் எடுப்பாகத் தெரியும் என்றார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறியது. அப்புறம் வரிசையில் ஒவ்வொருவராக, குழந்தைகள் வரைக்கும்.

பெட்டியைக் கழுவித் தூக்கிவைக்க இருதயராஜும் கை கொடுத்தான். மருந்து பாட்டில்கள் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தன.

"இன்னாங்க இது, பிரிக்கவே இல்லியே?"

"சினிமாவுக்கு யாராவது மருந்தைப் பிரிப்பாங்களாப்பா?" என்றார் பெரியசாமி. "காய்ச்சின தண்ணி. சுத்தமா காய்ச்சினதுதான், ஒண்ணும் பண்ணாது. பாட்டிலைப் பக்கத்துல வைக்கச் சொல்லித்தான் கட்டத்துல போட்டிருந்தது. வச்சேன்."

இருதயராஜ் திண்டிவனத்துக்கே ஓடினான். பங்களா வாசலில் டாக்டர் காரில் ஏறப்போகிற சமயம்.

"ஐயா, தண்ணிய போட்டிருக்காங்க."

"கல்யாணக் காட்சி எடுத்தால் நிஜத் தாலியா கட்டுவார்கள்? படிக்கிற பையன்தானே நீ. மருந்து சீசனில் வரும், அதற்கு வேறு செக்ஷன் இருக்கிறது." கார் போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது அந்தோணிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். லூர்துமேரிதான் வீங்கின கையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "குடிக்கத்தான் அவுங்க கெணத்துத் தண்ணி குடுக்கமாட்டாங்க. ஊசியிலயாவது குத்தனாங்களே."

பங்குனியில் பேதி வந்தது. ஊசிக்காரரும் வந்தார், சைக்கிளில், மருந்தோடு. ஊர்த்தெரு முழுக்கப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்கு வந்தார். எதிர்க்கரையில் சேரி மொத்தமும் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. அவர் பையிலிருந்து கமிட்டி அச்சடித்து அனுப்பியிருந்த கட்டத் தொகுதியை எடுத்துப் பார்த்தார்.

"மேட்டுச்சாவடி சேரி தானே? உங்களுக்குத்தான் தையிலயே போட்டாச்சே. முத்திரையோட கீதே."

"அது தண்ணிங்க" என்றான் இருதயராஜ்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. ரெண்டாந்தரம் போட்டா என் சீட்டு கிழிஞ்சிடும்." அவர் சைக்கிளைத் திருப்பினார். கமிட்டி வேண்டாமென்று தள்ளிய ஆறாம் கட்டம், அவன் வரைந்திருந்தபடியே, கரையும் சைக்கிளும் அந்தந்த இடத்தில் இருக்க நடந்து முடிந்தது.

மறுநாள் முதல் ரயிலில் அவன் விழுப்புரம் போனான். டாக்டர் மத்தியானம் கூப்பிட்டார். மேசையில் தொகுதியின் அசல் இருந்தது.

"இதை வரைந்தது யார்?"

"நாந்தாங்க."

"ஊசி என்று வரைந்தாயா, தண்ணீர் என்று வரைந்தாயா?"

"ஊசின்னுதாங்க. ஆனா எங்கக்கா கையில போட்டது தண்ணின்னு நீங்களே அன்னைக்கு..."

"கமிட்டி ஏமாந்ததா? ராவ் பகதூர் ஏமாந்தாரா? சர்க்கார் முத்திரை பொய்யா? உன் கையாலேயே வரைந்துவிட்டு இன்றைக்கு நீயே இல்லை என்கிறாய். யுத்த காலத்தில் ஒரே கைக்கு இரண்டு ஊசி கேட்பது எவ்வளவு பெரிய துரோகம் தெரியுமா?" டாக்டருக்கு உண்மையிலேயே மனம் வருந்தியிருந்தது. "அக்கா அக்கா என்கிறாயே. அவள் படத்தில் நன்றாக இருக்கிறாள். நானே பார்த்தேன்."

அவன் திரும்பி வந்தபோது லூர்துமேரிக்குப் பேதி கண்டு, கண் உள்ளே போயிருந்தது. தம்பியின் சட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். அந்த வாரம் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டி ஓயவில்லை.

சித்திரையில் திண்டிவனம் டெண்டுக் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. அதற்கு முன் ராவ் பகதூர் பேசினார்.

"இந்தப் படத்தின் சிறப்பு என்ன? இதில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஒருவருக்கும் நோய் இல்லை. மாணவர்களை நம்பினோம். மாணவன் தன் இஷ்டத்துக்குத்தான் வரைந்தான். நாம் திருத்தினோம். அழ வைத்திருப்பான், நாம் சிரிக்க வைத்திருக்கிறோம். இதுதான் நிர்வாகம்."

கைதட்டல் ஓய்ந்ததும் விளக்கை அணைத்தார்கள். படம் எடுக்கப்பட்ட கிராமத்தார் என்பதால் சேரி ஜனங்களுக்கும் ஓரத்தில் மணல் தரை கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இருதயராஜ் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். கார் வந்தது, மாலை வந்தது, குடியானவர்கள் பாதம் உட்படச் சிரித்தார்கள். பிறகு திரை முழுவதும் ஒரு கை வந்தது. முன்கையில் சிலுவைப் பச்சை. ஓரத்தில், சட்டையைப் பிடித்திருக்கும் இன்னொரு கையின் விரல்கள்.

அந்தோணிசாமி எழுந்தார். தடுக்க வந்தவனை விலக்கிவிட்டு நேரே நடந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். துணியில் அந்தக் கை இருந்த இடத்தைத் தொட்டார். "எம்பொண்ணு கைங்க இது" என்று யாரிடமோ சொன்னார். அதற்குள் கட்டம் மாறிவிட்டது. ராவ் பகதூரின் கருணை முகம் வந்து அந்தோணிசாமியின் அழுக்குத் துண்டிலும் முதுகிலும் விழுந்தது. கண் ஓரிடம், மீசை ஓரிடம் என்று அது துண்டு துண்டாகிப்போனது. கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரை அவர் நகரவில்லை.

படம் முடிந்ததும் இருதயராஜைக் கமிட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராவ் பகதூர் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை புரட்டினார்.

"நடுவில் திரையில் வந்தது யார்?"

"எங்கப்பாங்க."

"எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?"

"எந்தக் கட்டத்துலயும் இல்லீங்க."

"கட்டத்தில் இல்லாத ஆள் எப்படித் திரையில் வரலாம்?"

"வந்துட்டாருங்க" என்றான் இருதயராஜ்.